பூட்டுக் கோப்பு

பத்து மணிக்கு அந்த எழுத்து ஒளிர்ந்தது, மங்கியது, ஒளிர்ந்தது.
பதினொன்றுக்கும் அதே.
மடிகணினித் திரையின் வலப்பக்கம் ஒரு போன்,
கையில் எடுக்க முடியாத போன்,
எழும்புறன் எழும்புறன் என்றபடி
சோதனை நாளில் படுத்திருக்கும் பிள்ளைபோல.

பின்னேரம் கரண்ட் போனபோது
டொக்யார்ட் வீதி ஒரேயடியாய் இருண்டது.
என்னுடையது இருபது நிமிடப் பற்றரி.
எமுலேட்டர் எந்த நினைவோடு கண்மூடியதோ
அந்த நினைவுக்கே திரும்பிப் போகப் பார்க்கிறது.
அது பாதியில் கிழிந்து கிடக்கிறது.
வருத்தம் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

தெரியாதவள் என்ன செய்வாள்?
கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன்.
மறுபடி கூப்பிட்டால் சொல்கிறது:
'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.'
எங்கே?
மேசைக்குக் கீழே குனிந்துகூடப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்,
ஒரு மணி தாண்டினால் ஆள் அப்படித்தான் ஆகிவிடும்.

கணினியை அணைத்து ஏற்றினேன்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது,
அதைக் கொன்று உயிர்ப்பித்தேன்.
இணைந்த சாதனங்களின் பட்டியல்: வெறுமை.
புதிதாய் ஒன்றை இறக்கலாமென்றால் ஒன்றரை ஜீபி,
என் டேட்டா வெள்ளிக்கிழமையே முடிந்தது.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது,
யாருக்கென்று தெரியவில்லை.

விடிய ஆறுக்கு யூட் அண்ணர் வருவார்.
வீரநகர்ப் படகு பதினாறுக்கும் ஒரே செயலி:
காற்று எந்தப் பக்கம், ஐஸ் எவ்வளவு மிச்சம்,
சூரை இன்றைக்குக் கிலோ என்ன போகுது.

கிண்ணியாவிலிருந்து பௌமியாவின் குரல்பதிவு,
பிள்ளைக்குப் பால் கரைக்கும் கரண்டிச் சத்தத்தோடு:
'உள்ளுக்க ஆரோ இரிக்காங்க எண்டு அது நெனச்சிட்டு நிக்கிது புள்ள.
பூட்டுக் கோப்பு ஒண்டு கெடக்கும். தேடிப் பாருங்க.'

கிடந்தது.
அளவு: சுழியம்.
ஓர் எழுத்துக்கூட உள்ளே இல்லை, பெயர் மட்டும்.
வைத்தவர் இல்லாமற் போய் மூன்று மணித்தியாலம்.
அன்புவழிபுரத்தில் ஒரு கேற்று எனக்குத் தெரியும்,
ஆமைப்பூட்டின் துளைக்குள் குளவி மண் பூசியிருக்கிறது,
தபால்காரர் இன்றும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான்

சரி, உவமைக்கு நேரமில்லை.
அழித்தேன்.
பழைய நினைவு வேண்டாம், குளிரிலிருந்து தொடங்கு என்றேன்.

எழும்பியது.
மணி சரி. பற்றரி நூறு. சிக்னல் நிறைய.
தான் நிற்பது கலிபோர்னியா என்கிறது.
எட்டுத் தசம் ஐந்து இரண்டு, எண்பத்தொன்று தசம் இரண்டு ஆறு என்று தட்டி
கொட்டியாரக் குடாவின் நடுவில் இறக்கிவிட்டேன்.
நனையவில்லை.
காற்று வந்தது, விலை வந்தது, எல்லாம் பச்சை.
அழுகையும் வந்தது, அதை விடுங்கள்.

ஆறு பத்துக்கு யூட் அண்ணர்.
சட்டைப் பையில் பொலித்தீன், அதைச் சுற்றி றப்பர்பான்ட்,
உள்ளே போன். வெடித்த கண்ணாடியில் ஒரு செதில்.
பற்றரி ஒன்பது.
செயலியை ஏற்றிக் கொடுத்தேன்.
ஈரப் பெருவிரலால் அழுத்தினார். அசையவில்லை.
சாரத்தில் துடைத்துவிட்டு அழுத்தினார்.
பக்கத்துப் பட்டன் திறந்தது, நடுங்கியது,
முழுச் செயலியும் விழுந்தது.

'பிள்ளை, ரெண்டும் கிட்டக் கிட்டக் கிடக்கு.
என்ர விரலுக்கு ஒரு வள்ளம் கட்டுற இடமெண்டாலும் வேணும்.'
போனை மேசையில் விட்டுவிட்டு ஐஸ் ஏற்றப் போனார்.

இப்போது என்னிடம் இரண்டு.
ஒன்று பசியே அறியாதது.
மற்றதைச் சார்ஜரில் போட்டதும் சூடேறி
அறை முழுக்க மீன் மணக்கிறது.
வெளியே இரண்டு மான்கள்
கடைவாசல் வாழைப்பழத் தோலுக்கு நிற்கின்றன.
பிளேன்ரீ ஆறட்டும்.
பட்டனை அகலமாக்குகிறேன்:
முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, போதாது, அறுபத்து நான்கு.

அவருடைய விரலை அளந்து வைத்திருக்கலாம்.