மை வகையில் ஐந்து ரூபாய் நாலணா

மனாமா நகரசபையில்
தலைவர் நாற்காலி ஷேக்குடையது.
பக்கத்து நாற்காலி துரையுடையது.
பென்சில்
பக்கத்து நாற்காலியில் இருந்தது.

நான் லாசர் மச்சாது, தூத்துக்குடி,
இரண்டாம் கிளார்க்.
அரபியில் பேசுவதை
முன்ஷி இந்துஸ்தானியில் சொல்வார்,
நான் இங்கிலீஷில் எழுதுவேன்.
தமிழை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
அது எனக்குள் சும்மா உட்கார்ந்து
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

முத்து விலை விழுந்த வருஷம்.
ஜப்பான்காரன் சிப்பிக்குள் விதை போட்டு
அறுவடை செய்கிறானாம்.
முங்கினவன் கடனில்,
அவனுக்குக் கொடுத்தவனும் கடனில்.
சுங்க வரவு பாதி.

தெருவிளக்கு எண்ணெய், சரி.
தெருநாய், வாலுக்கு ஓரணா, சரி.
ரெசிடெண்டு கப்பல் வரும்போது
பீரங்கி மருந்து, கம்பளம், கொடித்துணி
வாசிக்கும் முன்பே சரி.
அப்புறம்
ஓலைக்குடிசைத் தெருவுக்குத்
தீயணைக்கக் கைப்பம்பு ஒன்று,
ஆயிரத்து நூறு ரூபாய்.

காஸிம் பூஷஹ்ரி எழுந்தார்.
சர்க்கரை வியாபாரி, வாயாடி.
அன்றைக்கு மட்டும்
'ஓலை எரியும்' என்று சொல்லிவிட்டு
உட்கார்ந்துவிட்டார்.
பென்சில் மூக்கை ஒருமுறை தொட்டது.
வரும் ஆண்டு பார்க்கலாம் என்றது.

ஒத்திவைக்கப்பட்டது என்பதற்கான இங்கிலீஷ் சொல்லை எழுதினேன்.
எங்கள் ஊரில் ஒத்தி வைப்பது வீட்டை.
பணம் கைக்கு வந்ததும்
பாத்திரம் பண்டத்தோடு இறங்கிவிடுவோம்.
மீட்கலாம், மீட்காமலும் போகலாம்,
வீடு அங்கேதான் நிற்கும்.

ஆனிக் கடைசியில் வடக்கத்திக் காற்று.
யார் அடுப்பென்று தெரியவில்லை.
அறுபத்து மூன்று குடிசை.
எண்ணியவன் நான்தான், மறுநாள்,
பட்டியல் வேண்டுமென்றார்கள்.
சாம்பலை எப்படி எண்ணுவது?
அடுப்புக் கற்களை எண்ணினேன்.

ஜும்ஆ பின் மர்ஸூக்,
தண்ணீர் விற்பவன்.
மருதாணி பூசிய வெள்ளைக் கழுதை அவனுக்கு.
நல்ல தண்ணீர்க் கிணறு தூரமென்று
கடலையே தோல்பையில் மொண்டு
அன்றிரவு நாற்பத்திரண்டு நடை அடித்திருக்கிறான்.
கைநாட்டு வைத்த பில்,
நடைக்கு இரண்டணா.

அந்த பில்லுக்கு ஒன்றரை மணி நேரம் விவாதம்.
பீரங்கி மருந்துக்குக்கூட
இத்தனை நேரம் ஆகவில்லை.
விதிப்படி விலை நல்ல தண்ணீருக்கு மட்டுமே.
உப்புத் தண்ணீருக்கு விலை கிடையாது,
கடலுக்குச் சொந்தக்காரன் இல்லையே என்றார் ஒருவர்.
'கடல் யாருடையது?' என்று
பூஷஹ்ரி கேட்டார்.

முதல்முறையாகப் பென்சில் நிமிர்ந்து பார்த்தது.
அந்தக் கேள்வி நிகழ்ச்சிநிரலில் இல்லை
என்று பதிவு செய்யச் சொன்னார்கள்.
செய்தேன்.
பில் நிராகரிக்கப்பட்டது என்பதையும்.

அன்று சாயங்காலம்
சில்லறைச் செலவுப் பெட்டியைத் திறந்து
மை வகையில்
ஐந்து ரூபாய் நாலணா எழுதினேன்.
கை நடுங்கவில்லை என்றால் பொய்.

ஜும்ஆ வாசலில் நின்றே எண்ணினான்.
எண்ணி, இரண்டணாவைத் திருப்பித் தந்தான்.
ஒரு நடையில் கழுதை இடறிப்
பை வழியிலேயே கொட்டிவிட்டதாம்.
நெருப்புக்குப் போய்ச் சேராத தண்ணீருக்கு
எப்படி வாங்குவது என்றான்.
வாதாட எனக்கு அரபி போதவில்லை.
பெட்டியில் போட்டேன்.

மார்கழியில் ஆடிட்டர் வந்தார், கராச்சியிலிருந்து,
லீலாராம் என்று பெயர், சளி பிடித்திருந்தது.
இவ்வளவு மையா என்றார்.
நிறைய எழுதுகிறோம் ஐயா என்றேன்.
தலையாட்டி டிக் அடித்தார்.
பிறகு பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.

இரண்டணா அதிகம்.
சிவப்பு மையில் எழுதினார்,
விளக்கம் தேவை.