ஒரு கோடு கூடுதல்

முதலில் உருளையைத் திறந்தேன்.
ஆறு அறை. ஆறிலும் வெளிச்சம்.
காலி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான்
வில்மார் தெச்சேரா நாற்காலியில் சாய்ந்தார்.

பல் மருத்துவரான மாமனாரின் கிளினிக்கில்
அச்சுப் பற்கள் அடுக்கிய இழுப்பறைக்கும் கீழே
துவாலையில் சுற்றிக் கிடந்ததாம்.
"மொந்தெவிதியோவில் போலி என்றுவிட்டார்கள்.
நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்
உருக்கப் போட்டுவிடுவேன்" என்றார்.
வெளியே பைசாந்து நகரத்து வெயில்
ஆற்றையே வெளுத்துக் காயப்போட்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு எடை பிடித்தேன்.
குழல் நீளம்தான், ஆனால் மூக்கு கனக்கவில்லை.
வால்நட் பிடியில் கட்டைவிரல்
யாரும் சொல்லாமலே போய்ப் படுக்க ஒரு பள்ளம்.
சிப்பாய்க்குச் செய்ததில்லை இது;
கயிறு மாட்டும் வளையம் அடியில் இல்லை.
பின்குறியில் மிளகளவு ஒரு திருகு,
காற்றுக்குத் தக்கபடி
இடமோ வலமோ ஒரு மயிரிழை நகர.
ஞாயிற்றுக்கிழமைகளுக்கென்றே பிறந்த இரும்பு.
காகிதத்தைத் தவிர எதையும் துளைத்திராதது
என்று நம்பத் தோன்றியது. நம்பிக்கைக்கு
என் தொழிலில் கட்டணம் கிடையாது.

நீலம் பழைய நீலம், நாவற்பழத் தோல்.
மறுமெருகு ஏற்றியிருந்தால் எழுத்தின் ஓரங்கள்
சப்பிய மிட்டாயாய் மழுங்கியிருக்கும்.
இது இன்னும் நகத்தைப் பிடிக்கிறது.
லியேஜ் சோதனைச்சாலையின் முட்டை முத்திரை,
உள்ளே நட்சத்திரம், உருளையில்.
சட்டத்தில் 317. உருளையில் 317.
பிடியைக் கழற்றினால் மரத்தின் உள்முதுகில்
பென்சிலில் 317,
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.

"எல்லாம் சரி, அந்த எழுத்து?" என்றார் வில்மார்.

குழலின் மேல், ஏற்றுமதிக்கென்று
எங்கள் மொழியில் வெட்டியிருந்தார்கள்:
தீரோ அல் பிளாங்கோ.
இலக்குக்கும் வெள்ளைக்கும் எங்களிடம் ஒரே சொல்.
அந்தச் சொல்லில்தான், வெறும் பிறை இருக்கவேண்டிய இடத்தில்
பிறைக்குள் ஒரு கோடு கூடுதலாகி
வேறு எழுத்தாகியிருந்தது.
இப்படியொரு பிழையோடு ஒரு தொழிற்சாலை
கப்பலேற்றுமா என்பது மொந்தெவிதியோவின் கேள்வி.

ஏற்றும்.
போலி செய்கிறவன் எங்கள் ஊர்க்காரன்.
இந்த மொழியில் கடன் கேட்பவன், இந்த மொழியில் திட்டுபவன்.
உளி தவறினாலும் அவனுக்குச் சொல் தவறாது.
தவறியவன்
இந்தச் சொல்லை ஒருநாளும் வாயால் சொல்லாதவன்.
யாரோ எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து,
குளிரில், ஏழுக்கு இடுப்பில் கோடிடும் அதே கையால்
பிறைக்கும் ஒன்று போட்டுவிட்டு
அடுத்த குழலை எடுத்திருக்கிறான்.
அடுத்ததிலும் அதையே போட்டான்.

எனக்குத் தெரியும்.
ஒன்பது வருடத்துக்கு முன், ஆற்றுக்கு அக்கரையில்
கான்செப்சியோனிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். 314.
அதே திருகு, அதே பள்ளம், அதே கோடு.
சிரித்தேன் அன்று.
'எழுத்துப்பிழை உள்ளது; போலி' என்று எழுதி
நெலிதா இரிகோய்த்தி என்று கையொப்பமும் இட்டேன்.
அவர் நல்ல மனிதர், என்னை நம்பினார்.
இந்நேரம் அது ஏதாவது ஒரு கேட்டின்
தாழ்ப்பாளாக இருக்கலாம்.

இதை வில்மாரிடம் சொல்லவில்லை.
சுவரில் ஓர் ஆணித்துளையை நோக்கிப் பிடித்தேன்.
முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள்
வீடு திரும்பியதுபோல் வந்து நின்றது,
இருபுறமும் சமமாக வெளிச்சம் விட்டு.
கை மட்டும்தான் நடுங்கியது.

விலை சொன்னேன்.
அவர் துவாலையைப் பார்த்தார்,
அதையும் இனி பத்திரப்படுத்த வேண்டுமோ என்பதுபோல.

சான்றிதழில் குழல் வாசகம் என்ற கட்டத்தில்
அந்தச் சொல்லைப் பிழையோடு எழுதினேன்.
தட்டச்சு செய்யும் பெண் திருத்திவிடுவாள் என்று
ஓரத்தில் குறிப்பும் வைத்தேன்: திருத்தாதே.
பிறகு பழைய கோப்பைத் தேடி
314க்கு எதிரே நான் எழுதியிருந்த சொல்லை
ஒரு கோட்டால் அடித்தேன்.
குறுக்கே, இடுப்பில்.