417, இரண்டாம் குப்பி

ஏப்ரல் முடியும்போது
ஆறு வாங்கியதைத் திருப்பித் தரும்.
லியேலுபேயின் பனிப்பாளம் உடைந்து
நாணலில் ஒதுங்கினார் ஓயார்ஸ்.
ஒன்பது நாள் இளவெயில் குடித்துக் கிடந்தார்,
ஒரு பூட்ஸ் காலில், ஒரு பூட்ஸ் ஆற்றில்.

எனக்கு அவர் ஓயார்ஸ் இல்லை.
ரீகாவில் மூன்றாம் மாடிக்கு
சாம்பல் மூடியிட்ட குழாயில் வந்த 417.
காவலர் கடிதத்தைப் படிக்கக் கூடாதுதான்,
படித்தேன்.
பிப்ரவரியில் தனியாக மீன்பிடிக்கப் போனவர்.
குடித்திருப்பார் என்பது ஊரார் கருத்து.
பதினோரு வருடமாகத் தொடவில்லை என்கிறார் மனைவி.

என்கிறார்.
அந்த ஒரு சொல்லில்
எழுதியவரின் உதட்டோரம் தெரிந்தது.

அறுபது பாகைச் சூட்டில் குப்பி வியர்க்கும்.
ரத்தத்தை ஊசி தொடாது,
அதன் மேல் நிற்கும் மூச்சைத்தான் உறிஞ்சும்.
திரையில் மேடு எழுந்தது.
ஆயிரத்தில் முக்கால் பங்கு.

"பார்த்தாயா," என்றாள் அடுத்த மேசை ஐனா,
"எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."
எல்லாரும்தான்.
என் தம்பியும் சொல்வான்,
வாயில் புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு.

ஆனால் பக்கத்தில் இன்னொரு மேடு,
குட்டையாய்,
எந்த மதுக்கடையும் விற்காத சரக்கு.
அழுகல் காய்ச்சுவது.
செத்த உடம்பு சும்மா கிடப்பதில்லை.
மிச்சமிருந்த சர்க்கரையைத் தின்று
கிருமிகள் அவருக்குள்ளேயே
வடித்திருக்கின்றன,
அவரைக் கேட்காமல்.

இரண்டாம் குப்பியை எடுத்தேன்.
விழியின் உள்நீர்.
கிருமிகள் கடைசியாகக் கால்வைக்கும் இடம்.
குடித்திருந்தால் அங்கும் இருக்கும்.

கோடு
பிப்ரவரி ஆறாய்த் தட்டையாகப் போனது.
மறுபடி ஓட்டினேன்.
மறுபடி தட்டை.
காபியோடு வந்து நின்ற ஐனா
காபியைக் குடிக்கவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லையாம்.
எங்களிடமும் இல்லை,
குழாய்க்கு மட்டும்தான்.

படிவத்தில் கருத்துக்கென்று
அரை அங்குல இடம்.
"இறப்புக்குப் பின் உருவானது.
அருந்தியதற்குச் சான்றில்லை."
பதினோரு வருடம் என்று எழுத
கட்டம் எதுவும் இல்லை.
தேடிப் பார்த்தேன், பின்பக்கத்தையும்.

மிச்சத் துளிகள் உறைபெட்டியில்
ஒரு வருடம் இருக்கும்,
யாராவது மறுத்துக் கேட்டால்.

அடுத்தது 418.
சனிக்கிழமை இரவு, வேன் ஓட்டுநர்,
உயிரோடு இருக்கிறார்.
ஒரு பீர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
மேடு
திரைக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.