மோட்டார் வந்த வாரம்

மெட்டியாபுருசில், சந்துக்குள் சந்து,
மூன்றாம் மாடியில்
லுத்ஃபா பீபியின் மெஷினுக்கு
மோட்டார் பூட்டியாகிவிட்டது.
விலை இரண்டாயிரத்து எண்ணூறு.
பாதி கடன்.
மறு பாதியும் கடன்தான், வேறோர் ஆளிடம்.

வலது கால் சுவிட்சில் இருக்கிறது.
இடது காலுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
மிதிபலகை இரும்புக்கடைக்குப் போய்
நாலு நாளாகியும்
வெறுந்தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.
"நாய் தூக்கத்தில் ஓடுமே, அப்படி"
என்று அவளே சிரிக்கிறாள்.

மொஃபிஜுலுக்குப் பிடிக்கவில்லை.
"மிதித்துத் தைத்தால்தான் தையல் நிற்கும்.
எங்கள் வம்சமே மிதித்த வம்சம்."
அந்த வம்சத்தில் மிதித்தது யார் என்று
அவள் முழங்கால்களைக் கேட்டால் சொல்லும்.
அவருக்கு மூட்டை மட்டும்தான்:
ஒஸ்தாகர் வீட்டுக்கு எடுத்துப் போவார்,
ரசீதோடு திரும்பி வருவார்.

தையல் என்றால்
என் மொழியில் பெண் என்றும் ஒரு பழைய பொருள்,
சொன்னேன்.
நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டாள்:
"அப்படியானால் ஆணுக்கு என்ன சொல்,
ரசீதா?"

முன்பு ஒரு நாளைக்கு இருபத்துநாலு ஃபிராக்,
ஏழு ரூபாய் வீதம்.
மோட்டாரில் நாற்பது.
ஜொய்னால் ஒஸ்தாகர் நல்ல மனிதர்.
குவியலைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்,
தாடியைத் தடவினார்,
கூலியை நாலேகால் ஆக்கினார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.
அன்று நூற்று அறுபத்தெட்டு.
இன்று நூற்று எழுபது.
முன்னேற்றம் இரண்டு ரூபாய்,
கரண்டு பில் தனி.

"இதற்குப் பழசே தேவலை" என்றேன்,
நாளைக்கு ரயிலேறப் போகிறவனின் சுலபத்தோடு.
அவள் காலை நீட்டிக் காட்டினாள்.
முழங்காலில் வீக்கம் வடிந்திருந்தது.
"இதை எந்தப் பத்தியில் எழுதுவாய்?"

ரயிலை விட்டுவிட்டேன்.

ஞாயிறு விடிகாலை
அந்த வீட்டுப் பெண்கள் யாரும் போயிராத ஹாட்டுக்கு
டோட்டோ பிடித்துப் போனாள்.
மலை மலையாய்த் துணி.
தன் ஃபிராக்கைக் கண்டுபிடித்தாள்:
கழுத்துப் பட்டியின் உள்ளே
யாரும் கேட்காத இரண்டு தையல் அதிகம்.
விலை? நூற்று அறுபது.
கொஞ்சம் குறையுங்களேன்?
"கட்டாது பாபி,
தையல் கூலி ஏறிப்போச்சு."

திரும்பியவள் வாய் திறக்கவில்லை.
துணிக்குக் கோடு போடும் சுண்ணக்கட்டியால்
சுவரில் 160 என்று எழுதினாள்.
ரொம்பக் கீழே, 4.25.
நடுவில் விட்ட இடத்தில்
ஒரு பல்லி வந்து உட்கார்ந்தது.
மொஃபிஜுல் சுவரைப் பார்த்தார்,
பல்லியைப் பார்த்தார்,
தேநீர் குடிக்கப் போனார்.

திங்கட்கிழமை.
ஒஸ்தாகரின் ஆள் அடுத்த கட்டோடு நிற்கிறான்.
இன்னும் மிதிக்கிற மர்ஜினா கீழிருந்து ஏறி வருகிறாள்.
போன மாதமே மோட்டார் வாங்கிய மொமேனா
எதிர்வீட்டிலிருந்து.
சொல்லிவைத்து வந்தார்களா, தெரியாது.
"ஆறு" என்கிறாள் லுத்ஃபா.
பையன் சிரிக்கிறான்.
"ஆறு" என்கிறாள் மர்ஜினா.
பையன் போனை எடுக்கிறான்.

மூன்று மாடியிலும் எந்த மெஷினும் ஓடவில்லை.
மேஜைக்கடியில் குனிந்து பார்க்கிறேன்:
இடது கால்
அசையாமல் இருக்கிறது.
போனில் மணி போகிறது,
மறுமுனையில் இன்னும் யாரும் எடுக்கவில்லை.