தேய்மானம் போக

முடி நீளமானது, செம்பட்டை.
என்னுடையதல்ல என்று நிரூபிக்கத்
தொப்பியைக் கழற்றினாலே போதும்.

பாலங்கா, நவம்பர். இருநூற்றுப் பதினான்காம் அறை.
கடல் தெரியும் என்றார்கள். தெரிந்தது,
யாரோ கண்ணாடியில் நெற்றியை அழுத்திய
எண்ணெய்த் தடத்தின் வழியாக.
குளியல் தொட்டியில் ஒரு சாம்பல் வளையம்.
தலையணைக்கடியில் பாதி கடித்த ரஸ்க்.
போர்வையை விலக்கினேன்:
முன்பு படுத்தவரின் பள்ளம்
இன்னும் அவருக்காகவே காத்திருந்தது.

இரவு பதினொன்று. வேறு அறை இல்லை,
பல் மருத்துவர்கள் மாநாடாம்.
நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்து
தெரிந்த வேலையைச் செய்தேன்.
அளவெடுத்தேன், படமெடுத்தேன், பட்டியலிட்டேன்.
இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு:
தீ தின்றதை, தண்ணீர் ஊறியதை
போய்ப் பார்த்து, இவ்வளவுதான் என்று சொல்வது.
காப்பீட்டுக் கம்பெனியின் மதிப்பீட்டாளன்.

வாடகை எழுபத்தெட்டு யூரோ.
கூரை இருந்தது; கழி.
வெந்நீர் வந்தது; கழி.
கதவு பூட்டியது; அதையும் கழி.
தூங்காத ஆறு மணி நேரம்
எந்தக் கட்டத்தில் வரும்?
அருவருப்புக்கு அலகு என்ன,
கிராமா, சதுர மீட்டரா?
ரஸ்க்கைத் தொட்ட விரலை
நான்கு முறை கழுவினேன்.
சோப்பு அவர்களுடையது. கழி.

காலையில் வரவேற்பில் ஸ்கைஸ்தே.
இருபது வயதிருக்கும், கண்ணுக்கடியில்
என்னுடையதைப் போலவே ஓர் இரவு.
காலை உணவு எங்கள் செலவு என்றாள்.
அது வாடகையிலேயே அடக்கம் என்றேன்.
நீராவிக் குளியல் என்றாள்.
அடுத்த முறை வரும்போது பத்து சதவீதம் என்றாள்.
அடுத்த முறை என்றதும்
அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேலாளர் தவ்த்வீதாஸ் வந்தார்.
படங்களைப் பார்த்தார். முடியைப் பார்த்தார்.
என் தலையைப் பார்த்தார்.
"முப்பத்தொன்பது. சரிபாதி. ரொக்கம்."
நியாயம்தான்.
நானாக இருந்தால் இருபதைத் தாண்டியிருக்க மாட்டேன்.

"ஒரு வரி எழுதித் தாருங்கள்" என்றேன்,
"அறை சுத்தமாக இல்லை என்று."
சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.
பணம் தரலாம், வரி தர முடியாது.
அவர் நீட்டிய தாளின் கடைசிப் பத்தி
எனக்கு மனப்பாடம்:
தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்,
நல்லெண்ணத்தின் பேரில் மட்டும்.
எத்தனை பேரிடம் அதை நானே நீட்டி
பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ரூஸ்னே தீவில் வெள்ளம் வடிந்த வாரம்
அல்ஃபோன்சாஸ் என்பவரின் சோபா.
வாங்கிப் பதினான்கு வருடம்; தேய்மானம் போக
பதினோரு யூரோ. அவர் வாதாடவில்லை.
"குழாய் ஒழுகவில்லை, ஆறு வந்தது.
அப்படி எழுதுங்கள்" என்றார்.
படிவத்தில் நீர்ச்சேதம் என்று ஒரே கட்டம்தான்.
டிக் அடித்தேன்.
"ஆறு என்று போடுங்கள்" என்றார் மறுபடியும்.
போட இடமில்லை என்றேன்.
இடம் இருந்தது. ஓரத்தில், இரண்டு விரல் அகலம்.

கையெழுத்துப் போட்டேன்.
முப்பத்தொன்பதையும் எண்ணி வாங்கினேன்.
கௌனஸ் பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.
கடற்கரையில் நின்றேன்.
மணலில் அதற்குள் யாரோ நடந்திருந்தார்கள்,
அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில்
சாவியைத் தேடிக் கோட்டுப் பையில் கைவிட்டபோது
டிஷ்யூவில் மடித்த செம்பட்டை முடி வந்தது.
மேசைமேல் புதிய கோப்பு:
யாரோ ஒருவரின் சமையலறை, தீ.
முடியை எறியவில்லை.
கட்டங்களுக்கு வெளியே தாளில்
ஓரம் எவ்வளவு என்று
அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

ஓர் ஆறு போக அது போதும்.