கடைசிப் பதினாறு பக்கங்கள்

கிலோ நாற்பது என்று
ராயபுரம் பாலத்துக்குக் கீழே
தார்ப்பாயில் கொட்டியிருந்த குவியலில்
அட்டையில் முகம் காட்டாமல்
முதுகு காட்டி நின்றவளை எடுத்தேன்.

உள்ளே ஒரு முத்திரை.
பனி கொட்டும் ஏதோ ஊரின் நூலகம்
இவளை விலக்கிவிட்டதாம்.
கன்டெய்னரில் கழிவுத்தாளாகக் கடல் தாண்டி
எங்கள் ஹார்பரில் இறங்கியிருக்கிறாள்.
பெயர் ஷு-லான். வயசு பதினாறு.
எனக்கும் அதேதான்.

என் இங்கிலீஷ் நொண்டும்.
பக்கத்துக்கு ஏழு வார்த்தையாவது
போனில் தட்டிப் பார்ப்பேன்.
மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும்
ஒன்றும் தட்டவில்லை:
ஸ்கூல் கேன்டீனில் டப்பாவைத் திறக்கிறாள்,
பக்கத்துப் பெஞ்சு மூக்கைப் பொத்துகிறது.

அந்த மூக்கு எனக்குத் தெரியும்.
பகலில் என் பையில் கருவாட்டுப்பொடி நாறுகிறது என்று
தள்ளி உட்காரும்.
ராத்திரி செகண்ட் லைன் பீச்சில்
எங்கம்மா தள்ளுவண்டி முன்னால்
வரிசையில் நிற்கும்:
"அக்கா, ஒரு அத்தோ, காரம் தூக்கலா."

"எந்த ஊரும்மா நீ?"
"வியாசர்பாடி சார்."
"அது சரி, நெசமா எந்த ஊரு?"
"பி.வி. காலனி."
"இல்லம்மா, அதுக்கு முன்னாடி?"
"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயித்துல சார்."

ஷு-லானிடமும் கேட்கிறார்கள், நாற்பத்தொன்றாம் பக்கத்தில்.
அழுதுகொண்டே பாத்ரூமுக்குள் ஓடித்
தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.
எங்கள் ஸ்கூல் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
அதனால்தான் நான் சிரித்தேன்.

பதிவேட்டில் நான் பவளக்கொடி.
வீட்டில் தண்டா.
பர்மா பாஷையில் அதற்கும் பவளம்தான் அர்த்தம்.
கப்பலில் வந்ததில் மிச்சம்
இந்த ஒரு சொல், இந்தச் சின்னக் கண்.
"தண்டாவா, தண்டமா?" என்று கேட்ட டெல்வினோடு
ஒரு வருஷம் பேசவில்லை.

சில பக்கங்களில் அவள்மேல் எரிச்சல் வரும்.
சொந்த ரூம், சொந்த ஜன்னல்,
ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்,
மரத்தில் அவளுக்கென்றே ஓர் அணில்.
இத்தனையும் வைத்துக்கொண்டு
"எனக்கு இடமே இல்லை" என்கிறாள்.
நான் படிப்பது மாடிப்படியில்,
எதிர்வீட்டு டியூப்லைட் தயவில்.
இடம் என்றால் சதுரஅடி இல்லை போல,
என்று ஒருநாள் தோன்றியது.
கொசு கடித்தது.
சதுரஅடியும்தான்.

போன வாரம் மழையில்
பழைய பேப்பர் கட்டு நனைந்துபோனது.
கைக்குக் கிடைத்ததைக் கிழித்து
பேஜோ மடித்துக் கொடுத்திருக்கிறாள் அம்மா.
லாரி டிரைவர், ஏ.டி.எம். வாட்ச்மேன்,
கஸ்டம்ஸ் ஆபீஸ் பையன்கள்,
ஆளுக்கொரு முடிவை
எண்ணெய் சொட்டச் சொட்ட வாங்கிப் போயிருக்கிறார்கள்.

கத்தினேன்.
"பாடப் பொஸ்தகமா அது?"
இல்லை.
"பின்ன?"
"ஒரு பொண்ணோட கதைம்மா."
வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:
"எந்த ஊர்ப் பொண்ணு?"

அம்மாவுமா.
நூற்றெழுபது பக்கம் படித்திருந்தும்
அதற்கு என்னிடம் ஒரு பதில் இல்லை.
முட்டைக்கோஸை அரிந்து கொடுத்தேன்.

ரெக்கார்டு நோட்டில்
கோடு போடாத பக்கமாகப் பார்த்து
அன்றிரவே முடிவை எழுத ஆரம்பித்தேன்.
பிளேன் ஏற்றி அவளைப் பூர்வீகத்துக்கு அனுப்பவில்லை.
அங்கே போய் விமோசனம் அடைய
அவள் அகலிகையா?
மூக்குப் பொத்தினவன் திருந்தவும் இல்லை.
நம்ம வண்டியில் வந்து நிற்கிறாள், பசியோடு.
அத்தோவுக்கு நான் சாய்வெழுத்து போடவில்லை,
அடிக்குறிப்பும் போடவில்லை.
வாழைத்தண்டு சூப் சுடுகிறது, ஊதிக் குடிக்கிறாள்.
அம்மா அவளிடம் கேட்கப்போகிற கேள்வியில்தான்
மூன்று நாளாக நிற்கிறது கதை.

தமிழில்தான் எழுதுகிறேன்.
அவளுக்குப் புரியாது.
பரவாயில்லை,
பக்கத்துக்கு ஏழு வார்த்தை
அவளும் தட்டிப் பார்க்கட்டும்.