செக்கிங் மேசை, பூசத்துக்கு முந்தின ராத்திரி

பாதி டைலர்கள் பழனிக்கு நடந்துவிட்டார்கள்.
நாலாயிரம் பனியன் மேசையில் குவிந்து கிடக்கிறது.
பையர் அனுப்பிய ஓஃப்ரா அம்மா, ஹைஃபா ஊர்க்காரி,
மூன்று நாளாக எங்களை உட்காரவிடவில்லை.
தோள் அரை சென்டிமீட்டர் கோணினால் ரிஜெக்ட்.
கழுத்துப் பட்டியில் ஒரு நூல் தலைநீட்டினால் ரிஜெக்ட்.

என் பெயர் பூவாத்தாள். அவள் வாயில் பாதிதான் நுழைந்தது.
"பூவா" என்று கூப்பிட்டாள்.
பூக்காதவள் என்று அதற்கொரு அர்த்தம் இருப்பது
அவளுக்கு எப்படித் தெரியும்?
ஓவர்லாக் பக்கம் யாரோ சிரித்தார்கள்.
கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம்.
அந்தச் சிரிப்பின் அளவு எனக்கு டேப் வைக்காமலே தெரியும்.

நிலா ஷெட்டுக்கு மேலே வந்ததும் டேப்பைச் சுருட்டினாள்.
இன்றைக்கு மரங்களுக்குப் புது வருஷமாம்.
பழம் தின்ன வேண்டுமாம்.
மெர்ச்சண்டைசர் பிரணேஷ் திணறித் திணறிச் சொல்ல,
"நாம மாட்டுக்கு ஒரு நாள் வெக்கறதில்லீங்களா,
அந்த மாதிரி" என்று சரசக்கா முடித்துவைத்தாள்.

பேரீச்சை, திராட்சை, மாதுளை, காய்ந்த அத்தி
எல்லாம் பல்லடம் ரோட்டுக் கடையிலிருந்து.
உப்புத் தண்ணீரில் மிதந்த ஆலிவ் அவள் பெட்டியிலிருந்து.
வாழைப்பழம் எங்கள் கணக்கு.

அத்தியை அப்படியே வாயில் போடவில்லை.
பிட்டு, விரித்து, லைட் மேசைமேல் வைத்தாள்.
பூச்சி வாய்க்குள் போகக்கூடாது, சட்டமாம்.
"அத்திப்பழத்தப் புட்டுப் பாத்தா அத்தனையும் சொத்தைம்பாங்க"
என்றேன்.
பிரணேஷ் அதை எப்படி மாற்றிச் சொன்னானோ,
என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
லென்ஸை என் பக்கம் நீட்டினாள்.
பன்னிரண்டு பழம். மூன்று ரிஜெக்ட்.
ஒன்றுகூட நாங்கள் மாறிச் சொல்லவில்லை.

ஆலிவைக் கையில் பிடித்து முணுமுணுத்தாள்:
மரத்தின் கனியைப் படைத்தவனே.
ஒரு தரம் சொன்னால் அத்தனை மரத்துக்கும் சேருமாம்.
சொல்லுக்கும் கடிக்கும் நடுவே பேச்சு ஆகாது.
பிரணேஷின் போன் அடித்தது.
கண்ணாலேயே அதை அணைத்தாள்.

வாழைக்கு மட்டும் வேறு வாசகம்: மண்ணின் கனி.
"அது மரத்துல சேராதாமுங்க."
லோடு ஏற்ற வந்த நாச்சிமுத்து அதற்குக் கோபித்துக்கொண்டார்:
"வைரம் பாயாதது எப்படி மரமாகும்?
இதச் சொல்ல ஏரோப்ளேன் ஏறியா வரோணும்?"

நாங்கள் சைஸ் வாரியாகப் பிரித்துக் கட்டுகிறவர்கள்.
நன்றியைப் பிரித்துக் கட்டி
மரத்துக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என்று
லேபிள் ஒட்டுகிறவளை அன்றுதான் பார்த்தேன்.

இன்னும் ஒன்று வேண்டுமாம்.
இந்த வருஷம் நாக்கில் படாத பழம்.
மேசையில் இருந்ததெல்லாம் அவள் தின்று பார்த்தவை.
என் டிபன் பைக்குள் இலந்தை இருந்தது,
பஸ் ஸ்டாப்பில் வாங்கியது, பத்து ரூபாய்க்கு ஒரு படி மாதிரி.
முகர்ந்தாள். பேர் கேட்டாள். பிட்டாள்.
புழு.
அடுத்தது. புழு.
எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.
ஆறாவது பழம் சுத்தமாக இருந்தது.

அப்போது தாராபுரம் ரோட்டில் காவடிக் கூட்டம்,
அரோகரா ஷெட்டுத் தகரத்தில் மோதி வந்தது.
அது கடக்கும்வரை இலந்தையைப் பிடித்தபடி நின்றாள்.
பிறகு சொன்னாள், பிரணேஷ் மெதுவாகப் பின்தொடர்ந்தான்:
எங்களை உயிரோடு வைத்து,
கீழே விழாமல் நிறுத்தி,
இந்த நாள்வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவனே.

எங்களை.
என்னையும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.

கேட்பவர்கள் பதில் சொல்ல வேண்டுமாம்.
அந்த வார்த்தை எனக்குத் தெரியாது.
"ஆமாங்க" என்றேன்.
கிட்டத்தட்ட அதேதான் என்று சிரித்துக்கொண்டே கடித்தாள்.
புளிப்பு; ஒரு கண் மூடிக்கொண்டது.

காலையில் ரிப்போர்ட் வந்தது.
பதினோரு பீஸ் ரிஜெக்ட்.
அதில் இரண்டு என் மேசை.
எடுத்துப் பார்த்தேன்.
அவள் சொன்னது சரிதான்.